கார் ராத்திரி எங்கே நிற்கிறது?



“எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா சார்?” என்ற கேள்வி எங்கள் தபால் பையைத் தாண்டிக் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது. சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுகிறார். ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?’ என்று தொடங்கிய கார் பேச்சு இப்போது ‘ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?’ என்று தொடங்குகிறது. பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: “உங்க கார் ராத்திரி எங்கே நிக்கும்?”

கேட்டவர் ஒரு கணம் விழிப்பார். ஆனால் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. கேட்டுக்குள்ளே, போர்டிகோவில், சுவரில் ஒரு பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் என்றால் தைரியமாக மேலே பேசலாம். அடுக்குமாடியின் தூண்களுக்கு நடுவே என்றால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். தெருவோரம் வேப்பமரத்தடியில் என்றால், இன்றைய நிலவரத்தில் ‘பொறுங்கள்’ என்றுதான் சொல்வேன். எந்தக் கம்பெனி, எத்தனை பெரிய பேட்டரி, என்ன கலர் என்பதெல்லாம் அப்புறம்.

பலரும் பயப்படுவது தூரத்துக்கு. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. தாம்பரத்திலிருந்து அண்ணா சாலைக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டமாட்டார். டியாகோ மாதிரியான சின்னக் காரிலேயே பெரிய பேட்டரி 24 யூனிட் கொள்ளும். கிலோவாட்-மணி என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது நம் ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான். ஏ.சி. போட்டு ஓட்டினாலும் 180 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த எண் அது. அதில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொரு விஷயம். கத்திப்பாராவிலும் சில்க் போர்டிலும் அரை மணி நேரம் நிற்கும்போது பெட்ரோல் கார் சும்மா நின்றுகொண்டே எண்ணெய் குடிக்கும். மின்சாரக் காரில் அந்த நேரத்தில் செலவாவது ஏ.சி.க்கும் பாட்டுக்கும் மட்டும்தான். கடும் வெயிலிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் போகும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பியும் கொடுக்கும். அதனால்தான் பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், ஊருக்குள் குறையும். மின்சாரக் காருக்கு அப்படியே தலைகீழ். நம் நகரங்களின் நெரிசலுக்கென்றே செய்த வண்டி போல இருக்கிறது.

சரி, வீட்டிலேயே பிளக் இருக்கிறது. அதோடு வேலை முடிந்ததா? இல்லை. ஷோரூமில் யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: எர்த்.

பழைய வீடுகளில் எர்த் வயர் சுவிட்ச் போர்டு வரைக்கும் பச்சையாக வந்து நிற்கும். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று வீடு கட்டிய மேஸ்திரிக்கே தெரியாது. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் இது ஒரு பொருட்டே அல்ல, சுற்றிக்கொண்டேயிருக்கும். கார் அப்படி அல்ல. சார்ஜர் கேபிளின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கை எரியவிட்டுவிட்டு ஒரு யூனிட்கூட உள்ளே விடாது. புதுக் காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரி இந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தவித்த குடும்பங்கள் பல. கார் கோளாறு என்று கம்பெனிக்குப் போன் போடுவார்கள். அவர்கள் ‘உங்க வீட்டு கரென்ட்ல பிராப்ளம்’ என்பார்கள். இரண்டு பேரும் மறுநாள் தேடுவது எலெக்ட்ரீஷியனை.

அவர் வந்து செய்கிற வேலை நம் தாத்தா காலத்து வேலைதான். தோட்டத்து மூலையில் குழி தோண்டி, பைப்போ தகடோ இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, செம்புக் கம்பியை மீட்டர் போர்டு வரை இழுப்பார். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. மண் காய்ந்தால் எர்த்தும் போச்சு. கூடவே காருக்கென்று தனி எம்.சி.பி., கசிவைக் கண்டால் தானே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி., 4 சதுர மில்லிமீட்டர் வயர், நல்ல தரமான 16 ஆம்ப் சாக்கெட். இந்தக் கடைசிப் பொருளில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும், கீசர் அரை மணி நேரம். கார் ராத்திரி முழுக்க ஒரே மூச்சாக 3 கிலோவாட் இழுக்கும். மட்டமான சாக்கெட் சூடாகி, இளகி, கருகிப்போகும். மின் வாகனத் தீ என்றதும் நாம் பேட்டரியைத்தான் நினைக்கிறோம். சுவரில் இருக்கும் சாக்கெட்டையும் நினைக்க வேண்டும்.

சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். ராத்திரி ஒன்பதுக்குச் செருகி, காலை ஆறுக்கு எடுத்தால் 25 யூனிட்டுக்கு மேல் ஏறியிருக்கும். தினசரி ஓட்டத்துக்கு இதுவே தாராளம். பெரிய பேட்டரி உள்ள கார்களோடு 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டி தருகிறார்கள். அதைப் பொருத்தும் முன் உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று ஈ.பி. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். லோடு ஏற்ற வேண்டியிருக்கலாம். அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

இப்போது ஈ.பி. பில். இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. யூடியூபில் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்’ என்று சொல்பவர்கள் நம் இரண்டு மாத ஸ்லாபை மறந்துவிடுகிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்ததற்குச் சலுகை, மேலே போகப் போக யூனிட் விலை ஏறிக்கொண்டே போகும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். 1,000-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிற வீடு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் நடுத்தர அளவுக் கார். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட் கூடும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 1,200 ரூபாயைச் சுற்றி வந்துகொண்டிருந்த பில் 3,900-க்குப் பக்கத்தில் போகும். அதாவது காருக்கு 2,700 ரூபாய். இதே 2,000 கிலோமீட்டரை லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் காரில் ஓட்டினால், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 13,000 ரூபாய். ஸ்லாப் நம்மை எவ்வளவு நெருக்கினாலும் இரண்டு மாதத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 60,000.

ஒரே காரின் பெட்ரோல் வகைக்கும் மின்சார வகைக்கும் விலையில் மூன்று, நான்கு லட்சம் வித்தியாசம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவிகிதம்தான். ஆனால் 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களின் வரி 28-லிருந்து 18-க்கு இறங்கியதும் அவற்றின் விலை சரிந்து, இடைவெளி மறுபடி கூடிவிட்டது. ஆக, மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கூடுதலாகப் போட்ட பணம் ஐந்தாறு வருஷத்தில் திரும்பிவரும். பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன. கணக்கு நிற்கிறது.

மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு? கோயில், காய்கறி, எப்போதாவது ஏர்போர்ட். அவருக்கு வருஷத்துக்கு 20,000 ரூபாய் மிச்சமாகும். போட்ட பணம் திரும்ப 15 வருஷம் ஆகும். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அவர் மின்சாரக் கார் வாங்கக் கூடாது. சத்தமில்லாத ஓட்டத்துக்கும் கிளட்ச் மிதிக்காத காலுக்கும் ஆசைப்பட்டு வாங்கினால் அது வேறு. ஆசைக்கு நான் கணக்குக் கேட்பதில்லை. ஓய்வுபெற்றவர்கள் பலர் ‘சிக்கனமா இருக்குமே’ என்று விசாரிக்கிறார்கள். உண்மையில் சிக்கனம் அதிகம் ஓட்டுகிறவருக்குத்தான். கால் டாக்ஸிகளில் பச்சை நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து இவ்வளவு வேகமாகப் பெருகுவது அதனால்தான். பசுமைப் பற்று எல்லாம் அப்புறம்.

இப்போது அடுக்குமாடிக்கு வருவோம். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களில் கார் வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். சிக்கலும் அங்கேதான்.

அசோசியேஷன் கூட்டத்தில் இந்தப் பேச்சு எடுத்தால் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தண்ணீர் டேங்கர் கணக்கும் லிஃப்ட் ஏ.எம்.சி.யும் முடிந்த பிறகு, மூன்றாவது மாடிக்காரர் தயங்கி எழுந்து, “நான் ஒரு ஈ.வி. வாங்கலாம்னு இருக்கேன். பார்க்கிங்ல ஒரு பாயின்ட்…” என்பார். வாக்கியம் முடியாது. “காமன் மீட்டர்ல இருந்தா? பில்லு எங்க தலையிலயா?” என்று ஒரு குரல். “ஏதாவது தீப்பிடிச்சா மேல இருக்கிற நாங்க என்ன ஆறது?” என்று இன்னொரு குரல். “இன்னிக்கு இவருக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க” என்று செக்ரட்டரி. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அடுத்த கூட்டம் எட்டு மாதம் கழித்து வரும்.

இவற்றில் பில் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் இருக்கிறது: காமன் மீட்டரைத் தொடவே கூடாது. நம் ஊர் அடுக்குமாடிகளில் எல்லா வீட்டு மீட்டரும் பெரும்பாலும் கீழேயே, ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். அவரவர் மீட்டரிலிருந்து அவரவர் பார்க்கிங் வரை பி.வி.சி. பைப்பில் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் பிரேக்கர் வைத்து, பூட்டுப் போடக்கூடிய பெட்டிக்குள் சாக்கெட் வைத்தால் யார் தலையிலும் யார் பில்லும் ஏறாது. கேபிள் போகும் வழிக்கு மட்டும் சங்கத்தின் அனுமதி போதும். வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கூட்டத்துக்குப் போகும்போது அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிடக் காகிதத்துக்கு நம் சங்கங்களில் மரியாதை அதிகம்.

தீ பற்றிய பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த செய்திகளைப் படித்தவர்கள் நாம். வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டரால் உயிர்களே போயின. அதற்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலுமாக அவை நடைமுறைக்கு வந்தன. நம் வெயிலில் ஓடும் கார்களில் பல, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு வருகின்றன. அது சூட்டைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் ஜாதி. பயம் இருப்பவரிடம் ‘பயப்படாதே’ என்பதைவிட, தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் போட்ட வயரிங்கைக் காட்டுவதும், பார்க்கிங்கில் தீயணைப்பான் மாட்டுவதும் பலன் தரும்.

வாடகை வீட்டுக்காரர் பாடு இன்னும் திண்டாட்டம். ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு இத்தனை என்று அவராகவே ஒரு விலை வைத்திருப்பார். சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் எர்த் குழி தோண்ட முடியுமா?

மின்சாரக் கார் என்றாலே எல்லாரும் நார்வேயைக் காட்டுகிறார்கள். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அதுவும் பனி உறையும் நாட்டில், குளிரில் பேட்டரி சுணங்கும் என்று தெரிந்தே. அந்தக் கதையின் தொடக்கம் வேடிக்கையானது. 1989-ல், ‘ஆ-ஹா’ இசைக்குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட்டும் சூழலியலாளர் ஃபிரெடெரிக் ஹௌகெயும் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு குட்டி ஃபியட் பாண்டாவை ஓட்டிக்கொண்டு சுங்கச்சாவடிகளில் காசு கட்டாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அபராதம் சேர்ந்தது, அரசு காரைப் பறித்து ஏலம் விட்டது, அவர்களே ஏலத்தில் எடுத்து மறுபடி காசு கட்டாமல் ஓட்டினார்கள். பின்னாளில் மின்சாரக் கார்களுக்குச் சுங்கமும் நீங்கியது, வாங்கும் வரியும் நீங்கியது. நாம் கவனிக்க வேண்டியது வரிச் சலுகையைவிட இன்னொன்றை: அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர் தன் இடத்தில் சார்ஜர் கேட்டால், தக்க காரணம் இல்லாமல் சங்கம் மறுக்க முடியாதபடி அங்கே சட்டம் செய்துவிட்டார்கள். நம் ஊரில் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-ல் ஒரு திருத்தம் வந்தது. புதுக் கட்டடங்களில் வண்டி நிறுத்தும் இடத்தில் 20 சதவிகிதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்றது. ஏற்கெனவே கட்டிக் குடியேறிய லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது உதவாது.

வெளியூர்ப் பயணம்? இதையும் பார்த்துவிடுவோம்.

விக்கிரவாண்டியைத் தாண்டித் திருச்சி ரோட்டில் ஒரு ஓட்டல். பின்பக்கம், டாய்லெட்டுக்குப் போகும் வழியில், ஒரு சார்ஜிங் பெட்டி, இரண்டு கன். மேலே 60 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. தாம்பரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் செருகிவிட்டு நின்றிருந்தார். வண்டி கடகடவென்று ஏற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு கார் வந்து இரண்டாவது கன்னை எடுத்துச் செருகியதுதான் தாமதம், இவர் திரையில் வேகம் பாதியாக விழுந்தது. “பாத்தீங்களா சார், பந்தியில பக்கத்துல ஆள் உக்காந்தா நமக்குப் பாதி சோறு!” என்று சிரித்தார். பரவாயில்லையா என்று கேட்டேன். “பழகிடுச்சு சார். டிபன் சாப்பிட்டு, பசங்க பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள எப்படியும் முக்கா மணி ஆகும். ஆனா இங்க வேலை செய்யலேன்னா அடுத்தது எங்கன்னு முதல்லயே பாத்து வெச்சுக்குவேன்.” அவர் மனைவி குறுக்கிட்டார்: “எண்பதுக்கு மேல போகாதீங்கன்னு பத்து வருஷமா சொல்றேன், கேட்டதே இல்ல. இப்ப சார்ஜ் குறையுதுன்னு அவரே எண்பதுல போறார்!”

அவர் சொன்னதில் பௌதிகமே இருக்கிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். எண்பதில் போகும்போது கிடைக்கும் தூரத்தில் கணிசமான பங்கை நூறில் போனால் இழக்க வேண்டியதுதான். நெடுஞ்சாலையில் கட்டணமும் வேறு. வீட்டில் ஏற்றுவதைப் போல் அல்லாமல், வரியோடு சேர்த்து யூனிட் இருபது ரூபாயை ஒட்டி வரும். அப்படியும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்தான். பெட்ரோலில் ஆறரைக்குக் குறையாது. எரிச்சல் பணத்தில் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் முன்பணம் போட்டு வைக்கும் ஒரு வாலட். டவர் கிடைக்காத இடத்தில் ஓ.டி.பி. வராது. மேப்பில் ‘வேலை செய்கிறது’ என்று காட்டிய பெட்டி நேரில் கறுத்த திரையோடு நிற்கும். பெட்ரோல் பங்க்கில் காசைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி, கார்டைத் தட்டிவிட்டுப் போகும் நாள் வந்தால்தான் இந்தப் பயணம் சாதாரண ஆளுக்கு ஆகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே கிளம்பும் ராத்திரியில் இரண்டு கன்னுக்கு எத்தனை கார் நிற்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு நாளைக்காகக் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்காரருக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்துவிட்டால் எந்தக் காரும் வேண்டாம்.

கொடைக்கானல் போக முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடியும். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுவது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்கவே 8 யூனிட் வேண்டும்; சாலையில் உருளும் செலவு தனி. ஏறும்போது சதவிகிதம் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துப் பதறிவிடுவார்கள். திரும்பி இறங்கும்போது அதில் ஒரு கணிசமான பங்கு பேட்டரிக்குள் திரும்பிவரும். ஒரே ஒரு எச்சரிக்கை. மேலே லாட்ஜில் நூறு சதவிகிதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பிவரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. அப்போது கார் தானாக இழுத்துப் பிடிக்காது, முழுப் பளுவும் பிரேக்குக்குப் போகும். எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். வேளச்சேரிவாசிகள் மழை அறிவிப்பு வந்ததுமே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரக் காரும் அங்கேதான் போக வேண்டும். பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சான்றிதழ் இருக்கலாம். மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்றது நாள்கணக்கில். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாமல், சார்ஜ் போடாமல், கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் ஒரே வழி. கரென்ட் இல்லாத அந்த நாள்களில் சார்ஜும் ஏறாது என்பது இன்னொரு குறை. சில கார்களில் உள்ள மின்சாரத்தை வெளியே எடுத்து வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓட்டிக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டது என்பது அதற்கு ஓர் ஆறுதல்.

சர்வீஸ் செலவு குறைவு. எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை. டயர் மட்டும் சீக்கிரம் தேயும், வண்டி கனம். ஆனால் ஒரு கூத்து உண்டு. இத்தனை பெரிய பேட்டரி இருந்தும், கதவைத் திறக்கவும் கம்ப்யூட்டரை எழுப்பவும் பழைய மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தேவை. அது செத்துப்போனால் கீழே நாற்பது யூனிட் நிறைந்திருந்தாலும் கார் அசையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் போகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். விற்கும்போது விலை கிடைக்காது என்பதும் இன்றைக்கு உண்மை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு கார் மாற்றுகிறவர் யோசிக்க வேண்டும். பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவர் கவலைப்பட வேண்டாம்.

‘அனல் மின்சாரத்தில் ஓடினால் புகை எண்ணூரில் வருகிறது, அவ்வளவுதானே’ என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். முழுக்கத் தப்பில்லை. ஆனால் ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதும் இதே மின்சாரத்துக்குத்தான். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று புகை விடாத வண்டிக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு உண்டு.

சரித்திரத்தில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. 1900 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் மூன்றில் ஒரு பங்கு கார்கள் மின்சாரத்தில்தான் ஓடின. பெட்ரோல் காரைச் சாமானியருக்கும் எட்டவைத்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’. பிறகு மலிவான மாடல் டி வந்தது, கைப்பிடி போட்டுச் சுற்றாமல் கிளம்பும் ஸ்டார்ட்டர் 1912-ல் வந்தது, எண்ணெய் பெருகியது. ஊர் எல்லையைத் தாண்டினால் அமெரிக்கக் கிராமங்களில் மின்சாரமே கிடையாது என்பதும் முக்கியமான காரணம். ஓடுகிற தெம்பு இருந்தும், செருக இடமில்லாமல் மின்சாரக் கார் தோற்றது. 2001-ல் பெங்களூரில் சேத்தன் மைனி ‘ரேவா’வைக் கொண்டுவந்தபோதும் லண்டன்காரர்கள் வாங்கி ஓட்டினார்கள், நாம் வேடிக்கை பார்த்தோம்.

இன்று அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஹூண்டாயின் மின்சாரக் கிரெட்டா ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது. மஹிந்திராவின் புது மின்சாரக் கார்களுக்கு மூளைவேலை நடந்தது செங்கல்பட்டு அருகே. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்தது. கார்கள் நம் மண்ணிலேயே செய்யப்படுகின்றன. அவற்றைச் செய்யும் பொறியாளர் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு பிளக் பாயின்ட்டுக்கு மூன்று கூட்டம் நடக்கிறது.

ஆக, என் தீர்ப்பு இது. சொந்தப் பிளக்கும் மாதம் 800, 1,000 கிலோமீட்டர் ஓட்டமும் இருந்தால் தயங்க வேண்டாம், வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் இப்போதைக்குப் பெட்ரோலோ ஹைபிரிடோ போதும்; வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் டெஸ்ட் டிரைவுக்குப் போகும் முன் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். சாலை வரிச் சலுகை அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும் அன்றைய நிலவரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது அடுக்குமாடிச் சங்கத்தைச் சம்மதிக்க வைத்து, சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு இணைப்பு இழுத்திருந்தால், எப்படிச் செய்தீர்கள், யார் மறுத்தார்கள், எவ்வளவு செலவானது என்று எங்களுக்கு எழுதுங்கள். சங்கம் கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் அப்படியே அனுப்பினால் இன்னும் நல்லது. வந்த கடிதங்களில் உதவியானவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்